இன்ஜினை இறக்கிப் பார்த்துப் பேசுவோம்

(தருமபுரியில் பழைய கார் வைத்திருப்பவர்களும் பட்டறைக்காரர்களும் ஐடிஐ மாணவர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பட்டறையைப் பாதி நாள் பூட்டிவிட்டு வந்திருக்கும் மெக்கானிக் அண்ணன்மாருக்கும், அப்பா காலத்து வண்டியை விற்க மனமில்லாமல் கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கும் அன்பர்களுக்கும், பின்வரிசையில் இருக்கும் ஐடிஐ மாணவர்களுக்கும் என் வணக்கம்.

பழைய காரின் சொந்த இன்ஜினைப் பிரித்து வேலை பார்ப்பதா, அதைக் கழற்றிவிட்டு வேறு இன்ஜின் ஏற்றுவதா? இதுதான் இன்று எனக்குக் கொடுத்த தலைப்பு. நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி பெரும்பாலும் அம்பாசிடரைப் பற்றியது. அடுத்தது, பியட் என்றே நாம் கூப்பிடும் பிரீமியர் பத்மினி. எங்கோ ஒன்றிரண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. மலையோர ஊர்களில் மகிந்திரா ஜீப். மகாராஜாக்களின் ரோல்ஸ்ராய்ஸைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அதை வைத்திருப்பவர் நம்மிடம் யோசனை கேட்டு வரமாட்டார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளந்து பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. அளந்த பிறகு, நாளை மனம் மாறினால் திரும்பி வர வழி இருக்கிற முடிவையே எடுக்க வேண்டும். இனி நான் சொல்வதெல்லாம் இந்த இரண்டுக்கும் விளக்கம்தான்.

முதலில், 'சொந்த இன்ஜின்' என்று எதைச் சொல்கிறோம்? அம்பாசிடரையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அச்சில், வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த வண்டி அது. 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை ஓடிய உற்பத்தி. தொடக்கத்தில் வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும் சைடு வால்வு இன்ஜின் இருந்தது. 1959இல் அதை எடுத்துவிட்டு, வால்வுகள் ஹெட்டில் இருக்கும் 1489 சிசி பிஎம்சி பி-சீரிஸ் பெட்ரோல் இன்ஜினை வைத்தார்கள். மார்க் 4 காலத்தில் அதே 1489 சிசி அளவில் டீசல் வந்தது. 37 குதிரைத்திறன்தான். ஆனாலும் நாட்டின் முதல் டீசல் கார் என்ற பெயர் அதற்கு. 1990களில் ஜப்பானின் இசுசு 1817 சிசி பெட்ரோல் இன்ஜின் வந்தது. இசுசுவின் 2 லிட்டர் டீசலும் சேர்ந்துகொண்டது.

ஆகவே, இன்ஜின் மாற்றுவதே பாவம் என்று அம்பாசிடர்காரரிடம் யாரும் சொல்ல முடியாது. செய்த தொழிற்சாலையே அந்த உடலுக்குள் திரும்பத் திரும்ப வேறு இன்ஜின் வைத்திருக்கிறது. ஆனால் இன்ஜினோடு சேர்த்து என்ன செய்தார்கள் என்று பாருங்கள். இசுசு பெட்ரோல் இன்ஜின் வந்தபோது, ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த நான்கு கியர் தண்டு போய், தரையில் ஐந்து கியர் பெட்டி வந்தது. இன்ஜினை மட்டும் மாற்றி அந்தக் காரை விற்கவில்லை. இதை நினைவில் வையுங்கள். பிறகு இதற்கு வருகிறேன்.

நம் ஊர்களில் இன்ஜின் மாற்றிய கதை பெட்ரோல் விலையில் தொடங்குகிறது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் விலையில் பெரிய இடைவெளி இருந்த காலம் அது. வாடகைக்கு ஓடிய அம்பாசிடரிலும், மலைக்குப் பலசரக்கு ஏற்றிப் போன ஜீப்பிலும் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு டீசல் ஏற்றினார்கள். வேனில் இருந்து கழற்றிய இன்ஜின் காருக்கு வந்தது. மகிந்திராவே பின்னாளில் பெஜோ டீசல் இன்ஜினோடு எம்எம்540 ஜீப்பை விற்றது. அந்த வண்டிகள் பிள்ளைகளைப் படிக்க வைத்தன, கல்யாணம் செய்து வைத்தன. அவற்றின் இன்ஜினை மாற்றியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் அந்தக் கணக்கு இப்போது இல்லை. பெட்ரோல் விலையை 2010 ஜூனிலும் டீசல் விலையை 2014 அக்டோபரிலும் அரசு சந்தைக்கு விட்டது. இரண்டுக்கும் இடையே இருந்த பள்ளம் சுருங்கிவிட்டது. அதைவிட முக்கியம், அந்த வண்டிகள் இன்று நாளுக்கு இருநூறு கிலோமீட்டர் ஓடுவதில்லை. மாதத்துக்கு இரண்டு தடவை குலதெய்வம் கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போகிற காருக்கு எரிபொருள் மிச்சம் என்று சொல்லி டீசல் ஏற்றினால், ஏற்றிய செலவு எந்தக் காலத்திலும் திரும்பி வராது.

சரி, இன்ஜின் ஓய்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? "புகை தள்ளுது, ஆயில் குடிக்குது, சூடாகுது." இந்த மூன்று வார்த்தையிலேயே பல இன்ஜின்களுக்குத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பல்லில் வலி என்று தாடையை மாற்றுகிற காரியம் இது.

புகையைப் பார்க்க நம்மிடம் ஒரு நல்ல சோதனைச் சாலை இருக்கிறது: தொப்பூர் கணவாய். சேலம் பக்கம் நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வண்டியை இறக்குகிறீர்கள். அப்போது சிலிண்டருக்குள் வெற்றிட இழுப்பு அதிகம். வால்வு கைடு தேய்ந்திருந்தால் அந்த இழுப்பில் ஆயில் உள்ளே இறங்கும். இறக்கம் முடிந்து ஆக்சிலரேட்டரை மிதித்ததும் குப்பென்று நீலப்புகை வந்து அடங்கினால் கோளாறு ஹெட்டில். ஹெட் வேலையோடு முடிகிற செலவு. அதுவே ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க நிற்காமல் நீலப்புகை வந்தால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. கறுப்புப் புகை என்றால் கார்புரேட்டரைப் பாருங்கள். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுங்கள்.

சூடாவது தனிக் கதை. நம் மாவட்டத்து நிலத்தடி நீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. 2013இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. இன்ஜினுக்குத் தீங்கு செய்வது அந்த ஃப்ளோரைடு இல்லை, அதே போர் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு உப்பு. வருடக்கணக்காகக் கிணற்று நீரும் போர் நீரும் ஊற்றிய ரேடியேட்டரில் மட்டும் அது படிவதில்லை. பிளாக்குக்குள் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் ஓடும் அறைகளிலும் பானை அடியில் படிவதுபோலப் படிகிறது. ஒகேனக்கல்லில் இருந்து பென்னாகரம் ஏறும்போது முள் சிவப்பைத் தொடுகிறதென்றால், இன்ஜின் கிழடாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் கோர் பிளக்குகளைக் கழற்றி உள்ளே சுரண்டிப் பாருங்கள். கை நிறையச் சேறும் உப்பும் வரும். பிறகு வடிநீரும் கூலண்டும் கலந்து ஊற்றுங்கள்.

அடுத்து கம்ப்ரஷன் சோதனை. நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராகக் கேஜ் வைத்து, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து இன்ஜினைச் சுற்றுங்கள். நான்கு அளவும் ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால், அந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் பக்கம் கசிவு. ஏறாவிட்டால் வால்வு பக்கம். இதோடு, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆயில் பிரஷர் எவ்வளவு என்றும் பாருங்கள். பிரஷரும் விழுந்து, அடியில் மெட்டல் சத்தமும் கேட்டால் பேரிங்குகள் போயிருக்கின்றன. இவ்வளவும் பார்த்த பிறகுதான் இன்ஜினை இறக்குவது பற்றிப் பேச்சு.

இறக்கிப் பிரித்தால் என்ன தெரியும்? சிலிண்டர் ஒரே சீராகத் தேய்வதில்லை. ரிங் வந்து திரும்பும் மேல்பகுதியில் அதிகம் தேயும். கீழே ஏறக்குறையப் பழைய அளவே இருக்கும். வட்டமும் முட்டை வடிவாகப் போயிருக்கும். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக் கூடாது. போர் கேஜ் வைத்து மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்கும் அளக்க வேண்டும்.

அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் சிலிண்டரின் விட்டம் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 88.9. பத்மினியின் 1089 சிசிக்கு 68, 75. ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் 948 சிசிக்கு 63, 76. இந்த எண்கள்தான் நம் தொடக்கப் புள்ளி. தேய்மானம் கூடியிருந்தால் லேத் பட்டறையில் போர் அடித்து, அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது, முப்பது, நாற்பது என்று பெரிய பிஸ்டன் போடுகிறோம். 40 ஓவர்சைஸ் போட்டால் 1489 சிசி இன்ஜின் 1531 சிசி ஆகும், அவ்வளவுதான். கடைசி ஓவர்சைஸும் முடிந்துவிட்டதா? சிலிண்டருக்கு ஸ்லீவ் போட்டு மறுபடி ஸ்டாண்டர்டு அளவுக்கே வரலாம். கிராங்கும் அப்படித்தான், கிரைண்டிங் செய்து பத்து, இருபது என்று சிறிய அளவுக்கு இறக்கி, அதற்கேற்ற பேரிங் போடுகிறோம்.

ஆக, வார்ப்பிரும்பு பிளாக் எளிதில் சாவதில்லை. கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்க வேண்டும், அல்லது மோசமான இடத்தில் விரிசல் விட்டிருக்க வேண்டும். விரிசலைக்கூட உலோக ஆணிகளால் தைத்து அடைக்கும் வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். 'இது இனி ஆகாது' என்று ஒருவர் சொன்னால், எந்த அளவு ஆகாது என்று கேளுங்கள். எண்ணைச் சொல்ல முடியாதவர் இன்னும் அளக்கவில்லை என்று பொருள்.

உதிரி பாகம் கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கட் இன்றும் தேடினால் கிடைக்கின்றன. லட்சக்கணக்கில் ஓடிய வண்டிகள் அல்லவா? சென்னையில் புதுப்பேட்டை, கோவையில் உக்கடம் என்று தேடும் இடங்களும் நமக்குத் தெரிந்தவையே. வண்டலூரில் செய்த ஹெரால்டு எண்ணிக்கையில் குறைவு. ஆனால் அதன் இன்ஜின் பிரிட்டனின் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் இன்ஜினோடு ஒரே குடும்பம். அங்கே அந்த வண்டிகளுக்குப் பிரியர்கள் இருக்கிறவரை பாகமும் வரும்.

பிரித்து வேலை பார்க்கும்போது இரண்டு விஷயத்தைச் சேர்த்தே செய்துவிடுங்கள். ஒன்று, வால்வு சீட். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டோடு நின்றது. பல பழைய இன்ஜின்களில் வால்வு அமரும் இடம் பிளாக்கைப் போலவே வெறும் வார்ப்பிரும்பு. பெட்ரோலில் இருந்த ஈயம்தான் அதற்கு மெத்தையாக இருந்தது. அது இல்லாமல் நெடுந்தூரம் வேகமாக ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு உள்ளே அமிழ்ந்துகொண்டே போகும். ஹெட் லேத்தில் இருக்கும்போதே கடினமான சீட் போட்டுவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது. இரண்டு, இப்போது வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல். பழைய ரப்பர் குழாய், பம்ப் டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கட் எல்லாவற்றையும் அது ஊறவைத்துக் கெடுக்கும். நிறுத்தியே வைத்த வண்டியில் ஈரத்தை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். எத்தனாலைத் தாங்கும் குழாய்களாக மாற்றுங்கள். இவை வெளியே தெரியாத மாற்றங்கள். வண்டியின் குணத்தைக் கெடுக்காதவை.

இப்போது எதிர்ப்பக்கம். வேறு இன்ஜின் ஏற்றினால் என்ன நடக்கும்? இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே பெரிய பாடம் இருக்கிறது. வண்டலூரின் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1985இல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற காரைக் கொண்டுவந்தது. உடல், பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. அங்கே 3.5 லிட்டர் வி8 இன்ஜினோடு ஓடிய கம்பீரமான கார். இங்கே அதற்குள் வைத்தது பழைய ஸ்டாண்டர்ட் வேன்கார்டு வழியில் வந்த 1991 சிசி இன்ஜின், 83 குதிரைத்திறன். விலையும் எரிபொருள் செலவும் காரை அழுத்தின. தோற்றத்துக்கேற்ற ஓட்டம் இல்லை என்ற பேச்சும் சேர்ந்தது. 1988க்குள் கதை முடிந்தது. வரைபடமும் பொறியாளர்களும் சோதனைத் தடமும் வைத்திருந்த நிறுவனத்துக்கே உடலையும் இன்ஜினையும் பொருத்திப் பெயர் வாங்க முடியவில்லை.

பட்டறையில் இன்ஜின் மாற்றக் கேட்கும் விலை பெரும்பாலும் இன்ஜினின் விலை. தொழிற்சாலை இன்ஜினை மட்டும் மாற்றி விற்கவில்லை என்றேனே, அதுபோலப் பின்னால் வருகிறவற்றையும் கணக்கில் எடுங்கள். இன்ஜின் மவுண்ட் புதிதாகச் செய்ய வேண்டும். கியர்பாக்ஸ் பொருந்தாது, அதையும் மாற்றினால் தரைத்தகட்டை வெட்ட வேண்டும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும். ரேடியேட்டர், சைலன்சர் குழாய், ஸ்பீடோமீட்டர் கேபிள் எல்லாம் மாறும். டீசல் என்றால் எடை கூடும். அம்பாசிடரின் முன்பக்க டார்ஷன் பார் அந்த எடைக்குத் தாழ்ந்துவிடும், ஸ்டியரிங் கனக்கும்.

பிரேக்கை நான் கடைசியாக வைத்தது வேண்டுமென்றே. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் இருக்கிற வண்டியில் சக்தி கூடிய இன்ஜின் ஏற்றினால் ஏற்றத்தில் சந்தோஷமாக இருக்கும். தொப்பூர் இறக்கத்தில் என்ன ஆகும்? அந்த இறக்கம் எத்தனை உயிர் வாங்கியிருக்கிறது என்று இந்த ஊரில் நான் சொல்ல வேண்டியதில்லை. பிரேக்கைத் தொடாமல் இன்ஜினை மட்டும் மாற்றித் தருகிற பட்டறைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? நம் ஆர்.சி.யில் சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் இரண்டும் இருக்கின்றன. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அனுமதி இல்லாமல் இன்ஜின் மாற்றப்பட்டிருந்தால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. எனவே கழற்றுவதற்கு முன்பே நம் டிஎன் 29 அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள். இன்னொரு அம்பாசிடரின் அதே வகை இன்ஜினை வைத்தாலும் எண் மாறுகிறது, மறக்க வேண்டாம். விபத்து நடந்து காப்பீட்டுக்குப் போகும்போது எண் பொருந்தாவிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். பிளாக்கில் இருக்கும் எண்ணைச் சுரண்டிப் பழைய எண்ணை அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அங்கே டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிடுங்கள். அது குற்றம்.

2021 ஜூலையில் வந்த விதி இன்னொரு கதவைத் திறந்திருக்கிறது. ஐம்பது வயது கடந்த இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை விண்டேஜ் வண்டி என்று தனியாகப் பதியலாம். எண்பலகையில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து ஆண்டு செல்லும். அந்த வண்டியைக் கண்காட்சிக்கும் பேரணிக்கும் பராமரிப்புக்கும் ஓட்டலாம். அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது. நிபந்தனை என்ன தெரியுமா? வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேசிஸ், உடல், இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 1970களின் தொடக்கத்தில் வாங்கிய மார்க் 2 அம்பாசிடர்களெல்லாம் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டன. நாற்பது வயதில் அவசரப்பட்டு இன்ஜின் மாற்றியவருக்கு ஐம்பதாவது வயதில் இந்தக் கதவு மூடியிருக்கும்.

பழைய தகடூரான இந்தத் தருமபுரி மண்ணில் பேசும்போது, இதை ஆண்ட அதியமானை விட்டுவிட முடியாது. அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை பாடியது புறநானூற்றில் 95ஆவது பாட்டு. உன் ஆயுதங்கள் நெய் பூசி, அலங்கரித்து, காவலுக்குள் பளபளவென்று இருக்கின்றன; எங்கள் மன்னனுடையவையோ போரில் முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்பது அதன் கருத்து. புகழ்வதுபோல இகழ்ந்தாள் என்று உரை சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது, பட்டறையில் கிடப்பதை அவள் பெருமையாகச் சொன்னது. மூடி வைத்த காரில் ரிங் ஒட்டிக்கொள்ளும், ஆயில் சீல் காய்ந்து வெடிக்கும், டேங்க் துருப்பிடிக்கும். அசலைக் காப்பாற்றுகிறேன் என்று ஓட்டாமலே வைத்திருப்பதும் இன்ஜினைக் கொல்வதுதான்.

அப்படியானால் எந்த வண்டிக்கு எது?

ஐம்பது வயதை நெருங்கிய அல்லது கடந்த வண்டி, ஆர்.சி.யில் உள்ள எண்ணே பிளாக்கிலும் இருக்கிறது என்றால் தயக்கம் வேண்டாம். பிரித்து வேலை பாருங்கள். செலவு கூடினாலும் அதுதான் வழி.

பிளாக் உண்மையிலேயே உடைந்துவிட்டதென்றால், அதே வகை இன்ஜினை வேறு வண்டியில் இருந்து எடுத்து, முறையாகப் பதிந்து ஏற்றுங்கள்.

1990களின் அம்பாசிடர், தினம் ஓட வேண்டிய வண்டி, குடும்பத்துக்கு அதுதான் கார் என்றால், அதே மாடலில் தொழிற்சாலையே வைத்த இன்ஜின்களுக்குள் தேடுங்கள். கியர்பாக்ஸும் பிரேக்கும் சேர்த்து, அனுமதியோடு செய்யுங்கள்.

அப்பாவோ தாத்தாவோ எப்போதோ டீசல் மாற்றிவிட்ட வண்டி கைக்கு வந்திருக்கிறதா? அது ஆர்.சி.யில் ஏறி, நன்றாகவும் ஓடுகிறதென்றால் விட்டுவிடுங்கள். காணாமல் போன அசல் இன்ஜினைத் தேடி அலைந்து, ஓடுகிற வண்டியை நிறுத்த வேண்டாம். அந்த டீசலும் இந்த ஊர் எப்படிப் பிழைத்தது என்பதற்குச் சாட்சிதான்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், திரும்பி வரும் வழியை அடைக்காதீர்கள். உலகத்தில் பெரிய பணக்காரர்களும் இதே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். 2018இல் இங்கிலாந்து இளவரசர் ஹாரி தன் திருமணத்தன்று 1968ஆம் ஆண்டு ஜாகுவார் இ-டைப் காரை ஓட்டிப் போனார். அது மின்சாரத்துக்கு மாற்றிய கார். ஆனால் பழைய இன்ஜின் இருந்த இடத்துக்குள்ளேயே பேட்டரி அமர்ந்ததால், வேண்டும்போது பெட்ரோல் இன்ஜினைத் திரும்ப வைக்கலாம். பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா 2019இல் ஒன்றைத் தெளிவாக்கியது: மின்சாரத்துக்கு மாறிய வண்டியை வரலாற்று வண்டியாகக் கொள்ள முடியாது, மாற்றுவதென்றால் திரும்ப மாற்றக்கூடியபடி செய்து, கழற்றிய பாகங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

நம் அளவில் இதன் பொருள் எளிது. சேசிஸை வெட்டக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் போட்டு மவுண்ட் அமைக்க வேண்டும். கழற்றிய இன்ஜினை இரும்புக் கடையில் எடைக்குப் போடக் கூடாது. சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, துளைகளை அடைத்து, தரையில் படாமல் மரக்கட்டை மேல் மூடி வையுங்கள். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ எல்லாம் அதோடு இருக்கட்டும். நாளை உங்கள் பேத்தி அந்த வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆசைப்பட்டால், அவளுக்கு அதற்கு வழி இருக்க வேண்டும்.

முடிக்கும் முன் மூன்று பேருக்கு ஒவ்வொரு வேண்டுகோள். வண்டி உரிமையாளர்களே, அளந்து பார்க்கிற வேலைக்குத் தனியாகக் கூலி கொடுங்கள். கூலி இல்லாத வேலையாக இருப்பதால்தான் பலர் அளக்காமல் ஊகத்தில் சொல்கிறார்கள். மெக்கானிக் அண்ணன்மாரே, நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன், போரின் அளவு, கிராங்கின் அளவு, ஆயில் பிரஷர் இவற்றை ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்தச் சீட்டு வந்த பிறகு வேலை உங்களிடமே வரும். மாணவர்களே, புது வண்டிகளில் பாகத்தைக் கழற்றி மாற்றத்தான் உங்களுக்கு வாய்ப்பு கிடைக்கும். போர் கேஜையும் மைக்ரோமீட்டரையும் கையில் பிடித்துப் பழக, இந்த ஊரில் இன்னும் ஓடும் பழைய இன்ஜின்களைவிட நல்ல பாடப்புத்தகம் உங்களுக்குக் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பட்டறையில் போய் நில்லுங்கள். சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறார்கள், இந்த அவையிலேயே இருக்கிறார்கள்.

இனி கேள்விகளுக்கு வரலாம்.